ஏழாவது குழியில் என் கால் செய்த வேலை

நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோல்ஃப் கிளப்பில் இந்த வருஷத்தோடு கேடிகளை நிறுத்திவிட்டார்கள். ஆட வருகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, பந்து விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள்தான் கேடி. இனிமேல் அந்த வேலையைப் பேட்டரி வண்டி செய்யுமாம். கேடிகளை வழியனுப்ப ஒரு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதித்தர வேண்டும் என்று அங்கே பயிற்சியாளர்களாக இருக்கும் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், கேடியா இருந்து கோச் ஆனவரு நீங்க. உழைச்சா உயரலாம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள்.

உழைத்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் திருட்டும் செய்தேன். உழைப்பை மட்டும் எழுதிவிட்டுத் திருட்டை விட்டுவிட்டால் இந்த வயதில் எனக்குத் தூக்கம் வராது. பேட்டரி வண்டியை எனக்குப் பிடிக்காது என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அதற்குக் கால்விரல் கிடையாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் அப்போது இத்தனை கம்பெனிகள் இல்லை. பெங்களூர் போகிற லாரிகள் ஜூஜுவாடி எல்லையில் வரிசை கட்டி நிற்கும். அதை விட்டால் சத்தம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஊரைத் தாண்டி, கல்லும் கரடும் உண்ணிப் புதருமாகக் கிடந்த நிலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒன்பது குழி மைதானம் ஒன்று இருந்தது. போட்டது என்று சொல்வதே அதிகம். எந்த மேட்டையும் வெட்டவில்லை, எந்தப் பள்ளத்தையும் தூர்க்கவில்லை. நடக்க முடிந்த இடத்தில் நடந்து, தோண்ட முடிந்த இடத்தில் தோண்டி, கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது குழிக்கு ஏரிக்கரை மேல் நடக்க வேண்டும். ஐந்தாவதை ஒட்டிக் கேழ்வரகுக் கொல்லை; அதில் விழுந்த பந்தைக் கொல்லைக்காரம்மாவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவர் ஊரில் இல்லையென்றால் பந்தும் இல்லை. ஏழாவது முழுக்கப் பாறை. பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "மைதானம் எங்கே?" என்று கேட்பார்கள். நின்றுகொண்டிருப்பதே அதில்தான்.

பன்னிரண்டு வயதில் அங்கே போனேன். அடுத்த பத்து வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பை தூக்கினேன், பந்து தேடினேன், திட்டு வாங்கினேன். இருபத்திரண்டு வயதில் என் வேலை இது. திங்கள் முதல் வெள்ளி வரை மைதானப் பராமரிப்பு. சனி, ஞாயிறு கேடி. திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் எங்களைப் போன்றவர்கள் ஆடிக்கொள்ளலாம். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

மைதான வேலையில் பெரிய வேலை 'பிரவுன்'. இப்போது எல்லா கிளப்பிலும் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்கிறது. எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் கிடையாது, புல்லுக்கு எங்கே போவது? குழியைச் சுற்றி வட்டமாக மணல்தான் போடுவோம். தென்பெண்ணை ஆற்று மணலைச் சலித்து, லாரி ஷெட்டில் வாங்கிய பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிப் பிசைய வேண்டும். ஒரு சட்டி மணலுக்கு எவ்வளவு ஆயில் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். பிடித்தால் உருண்டை நிற்கணும், உதறினால் உதிரணும். ஆயில் கூடினால் பந்து ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் ஆடி மாதக் காற்று மணலைக் கேழ்வரகுக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒவ்வொருவரும் ஆடி முடித்ததும் நீளக் கொம்பில் கட்டிய சாக்கை இழுத்துக் காலடித் தடத்தை அழிக்கணும். குழியிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி வெளியே வரணும். நேராக இழுத்தால் கோடு விழும், பந்து அந்தக் கோட்டிலேயே ஓடும்.

இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க எங்கள் செக்ரட்டரி ஒரு முறை வைத்திருந்தார். பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். எல்லோருக்கும் அவர் கர்னல்தான். மதராஸ் பக்கத்துச் சிப்பாய்களோடு இருந்து பழகிய தமிழ் பேசுவார், அதிலும் சிக்கனம். காலையில் பிரவுனுக்கு வந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஓரத்தில் விரிப்பார். அதன்மேல் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் மணலின் மேற்பரப்பைப் பார்ப்பார். அறுபது வயது மனிதர், இஸ்திரி போட்ட கால்சட்டை, பளபளக்கிற ஷூ, மண்ணில் படுத்துக் கிடப்பார். "கோடு" என்று ஒரு வார்த்தை வரும். எழுந்து தட்டிக்கொண்டு அடுத்த பிரவுனுக்குப் போய்விடுவார். திட்டியது கிடையாது. திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

ஆட்டத்திலும் அப்படித்தான். மற்ற மெம்பர்கள் பாறைமேல் பந்து கிடந்தால் தேங்காய் நார்ப் பாய்த் துண்டு ஒன்றை விரித்து, பந்தை அதன்மேல் எடுத்து வைத்து அடிப்பார்கள். மட்டை வீணாகாமல் இருக்க அங்கே வழக்கம் அது. கர்னல் அந்தப் பாயைத் தொட்டதில்லை. "கெடந்த எடத்துல ஆடு" என்பார். அவருடைய வேதம் அவ்வளவுதான்.

எங்கள் வேதம் வேறு. இப்போது திருட்டுக்கு வருகிறேன்.

கேடிகள் எல்லோரும் வெறுங்கால். மட்டையை வீசிய மெம்பர் அங்கேயே நிற்க, நாங்கள் முன்னால் ஓடிப் பந்தைத் தேடுவோம். பந்து கல் இடுக்கிலோ முள்ளடியிலோ கிடந்தால் குனிய மாட்டோம். பார்வை வேறெங்கோ இருக்கும், ஒரு கை வெயிலுக்குக் கண்ணை மறைத்திருக்கும், வாய் "எங்க போச்சோ" என்று முனகும். அந்த நேரத்தில் கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் பந்தைக் கவ்வும். நடை நிற்காது. இரண்டு எட்டு வைத்து விட்டுவிட வேண்டும். பிறகு இன்னும் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்து, "இதோ இருக்குது சார்!" என்று கத்த வேண்டும். இதற்கு 'விரல் வேலை' என்று பெயர். கத்துக்குட்டிகள் பந்தை நல்ல இடத்தில் வைத்து மாட்டிக்கொள்வார்கள். தேர்ந்தவன் பிழைக்கிற இடத்தில்தான் வைப்பான், கொஞ்சம் கரடாக, கொஞ்சம் சரிவாக. மெம்பர் முகம் சுளித்துக்கொண்டே அடித்து, நன்றாக அடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ஞாயிறும் அதே கேடியைக் கூப்பிடுவார். எங்களில் யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் தெரிந்தவருக்கு இன்னொரு வடை வைக்கிற மாதிரி.

நான் தேர்ந்தவன். என்னைவிடத் தேர்ந்தவன் முனிராஜு. ஜவளகிரிக்காரன், என் வயதுதான், கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். காட்டோரத்து ஆள் என்பதால் அவன் கால் எந்த முள்ளுக்கும் அஞ்சாது.

அந்த வருஷம் எங்கள் மார்க்கர் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போனார். மார்க்கர் என்றால் கிளப்பின் மாதச் சம்பள ஆட்டக்காரர். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார், ஜோடி இல்லாதவர்களோடு ஆடுவார், யார் எத்தனை தடவை அடித்தார்கள் என்று எண்ணிக் கார்டில் எழுதுவார். என் கண்ணுக்கு அதில் ஒன்றுதான் தெரிந்தது: மார்க்கர் தினமும் ஆடலாம். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று கர்னலிடம் போய் நின்றேன்.

"ஒம்பது குழி. என்னோட நட. நாப்பத்திரெண்டு அடிக்குள்ள முடி" என்றார். ஒன்பது குழியிலும் பந்தைப் போட மொத்தம் நாற்பத்திரண்டு தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது, அதுதான் டெஸ்ட்.

வீட்டில் வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் இருந்தார். எனக்கும் அங்கே ஹெல்ப்பர் வேலை பேசி வைத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"பந்தப் பொறுக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? மாதா கண்ணத் தொறந்து ஒரு வழி காட்டியிருக்கறா, கெடுத்துக்காத" என்றார் அம்மா.

"டெஸ்டுல தோத்துட்டா போறேம்மா" என்றேன். தோற்கிற எண்ணம் எனக்கு இல்லை. திங்கட்கிழமைகளில் நான் நாற்பதுக்குள் முடித்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். கிளப்பில் இருந்த பழைய மட்டைகளை ஒரு பையில் போட்டு முனிராஜு தூக்கிக்கொண்டான். எனக்கும் ஒரு கேடி! அவன் அதை ரொம்ப ரசித்தான். "தொரைக்கு எந்த மட்டை வேணும்?" என்று கர்னலுக்குக் கேட்காமல் கேட்டான். ஆறு குழி முடிந்தபோது இருபத்தேழு அடி. மீதி மூன்று குழிக்குப் பதினைந்து கையில் இருந்தது. பாதி மார்க்கர் ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஏழாவதில் மேட்டிலிருந்து அடிக்க வேண்டும். கீழே நெல் அடிக்கிற களம் அளவுக்கு ஒரே சப்பைப் பாறை, நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெடிப்பு. அதைத் தாண்டிப் பந்தைப் போட்டால் அப்புறம் சுலபம். நான் அடித்த பந்து பாறையின் விளிம்பில் பட்டு, உயரே எழும்பி, இடது பக்கம் திரும்பி விழுந்தது. விழுந்த இடம் மேட்டிலிருந்து தெரியவில்லை. கர்னல் தடியை ஊன்றிக்கொண்டு சுற்றுவழியாக இறங்க ஆரம்பித்தார். நானும் முனிராஜுவும் குறுக்கே இறங்கினோம்.

பந்து வெடிப்புக்குள் கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, பாறையைத் தாண்டிப் பத்தடியில் நின்றுகொண்டு "இதோ இருக்குது சார்!" என்று நான் கத்தியது.

கத்தின பிறகுதான் எனக்கே தெரிந்தது. பந்து வெடிப்புக்கு வெளியே, கொஞ்சம் கரடாக, கொஞ்சம் சரிவாக, பிழைக்கிற இடத்தில் கிடந்தது. வலது கால் விரலிடுக்கில் பாறைத்தூள் ஒட்டியிருந்தது. பத்து வருஷம் மற்றவர்களுக்காகச் செய்த காரியத்தை என் கால் என்னைக் கேட்காமல் எனக்காகச் செய்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் அதுவரை அதை வாய்ப் பழக்கத்துக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன்.

முனிராஜு பார்த்துவிட்டான். என் குதிகால் திரும்பியதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தையும் பார்த்தான்.

"சும்மனிரு" என்று முணுமுணுத்தான். "யாரும் பாக்கல. அடிச்சுட்டுப் போயிக்கினே இரு."

கர்னல் இன்னும் நாற்பது கெஜம் தள்ளி வந்துகொண்டிருந்தார். சும்மா இருந்தால் நான் மார்க்கர். மனசாட்சி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். பை தூக்கும்போது நூறு தடவை செய்தேன், ஒரு தடவைகூட வலித்ததில்லை. ஆனால் இது என் ஆட்டம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரில் ஒருவர் எண்ணுகிற ஆட்டம். அதில் போய் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. என் காலின் மேலேயே கோபம்.

கர்னல் வந்து சேர்ந்தார்.

"சார், பந்து இங்க விழல" என்றேன்.

"பின்ன?"

"அந்த வெடிப்புல கெடந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன்."

"கையாலயா?"

"காலால சார்."

என் பாதத்தைப் பார்த்தார். பிரவுனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"எதுக்கு?"

"தெரியல சார். பழக்கத்துல வந்துடுச்சு."

"பழக்கம்னா? யாரு யாருக்கு இந்தப் பழக்கம்?"

முனிராஜு பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் சொல்லப்போகும் பதிலில் பன்னிரண்டு கேடிகளின் பிழைப்பு இருந்தது.

"நான் செஞ்சத மட்டும் கேளுங்க சார், சொல்றேன். மத்தவங்களப் பத்தி என்னைக் கேக்காதீங்க."

அவர் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "சரி. எனக்குச் செஞ்சிருக்கியா?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. போன வருஷக் கோப்பையை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தவர் கர்னல். அன்றைக்கு அவர் பையைத் தூக்கியவன் நான். ஏழாவதில் பாறைப்பக்கம் போன பந்தை நாலே அடியில் முடித்ததாக கிளப்புக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர் வாய் நிறையச் சொன்ன ஒரே கதை அது.

"ஒரு தடவை சார். கோப்பை ஆட்டம், கடைசி நாள். இதே வெடிப்பு."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. வெடிப்பைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல் திரும்ப வைத்துக்கொண்டார்.

"ரெண்டு அடி அபராதம்" என்றார். "பந்த எடுத்த எடத்துல வை. ஆடு."

வைத்தேன். வெடிப்புக்குள் இரும்பு மட்டை முழுசாக இறங்காது. எப்படியோ கொத்தி வெளியே எடுத்தேன். பிரவுனுக்குப் போட ஒன்று, குழிக்குள் தள்ள இரண்டு. ஏழாவது மட்டும் ஏழு அடி. எட்டாவதில் நாலு. ஒன்பதாவதை நாலில் முடித்தால் பிழைத்தேன். ஐந்து ஆயிற்று.

"நாப்பத்திமூணு. இல்ல" என்று சொல்லிவிட்டுக் கர்னல் போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் பெங்களூர் போகவில்லை. மாமா வந்து கத்தினார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் சோறு மட்டும் போட்டார். தோற்றால் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான், அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் ஒரு அடியில் தோற்றவன் தோற்றவனா என்று எனக்குள் ஒரு வம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு அடி என் ஆட்டத்தில் போகவில்லை, என் காலில் போனது. காலைச் சரிசெய்தால் வேலை எனக்குத்தான்.

அடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். கேடிகள் அனைவரும் கிளப் தரும் கேன்வாஸ் ஷூ அணிய வேண்டும். காரணம் ஒன்றும் போடவில்லை. மெம்பர்கள் கர்னலின் நல்ல மனசைப் பாராட்டினார்கள். எங்களுக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து செருப்பே அறியாத கால்கள். ஷூ கடித்துக் கொப்புளம் வந்து, ஒன்பது குழி நடப்பதற்குள் கேடிகள் நொண்ட ஆரம்பித்தார்கள். நான் பேர் எதையும் சொல்லவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. முனிராஜு அங்கேயே நின்று கேட்டவன், அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன்தான் எல்லோரையும்விடக் கோபமாக இருந்தான்.

"உன் வாய் சும்மா கெடக்காததுக்கு எங்க காலு என்னாடா பண்ணுச்சு?" என்று கேட்டான். அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

அதே வாரம் கண்ணாடி அலமாரியிலிருந்து கோப்பையும் காணாமல் போனது. ரெண்டாவதாக வந்தவருக்குக் கர்னல் அனுப்பிவிட்டதாக ஆபீஸ் பியூன் சொன்னார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. என்னைக் கர்னல் கூப்பிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காலையில் பிரவுனில் படுத்து, "கோடு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஆபீசுக்குப் போனேன்.

"சார், எனக்கு இன்னொரு டெஸ்ட் வேணும்."

"தோத்துட்டே இல்ல?"

"தோத்தவன் திரும்ப வரக்கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா?"

விளையாட்டுக்குக் கேட்டதில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து கிளப்பின் விதிப் புத்தகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு மூடினார்.

"இல்ல" என்றார். "மழை முடிஞ்சு வா. ஷூ போட்டு வா."

ஷூவோடு ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெறுங்காலில் நின்றால் தரை பேசும். இங்கே சரிவு, இங்கே பொடிக்கல், இங்கே மண் இளகல் என்று பாதத்துக்குத் தெரியும், இடுப்பு தானாகத் திரும்பும். ஷூ போட்டதும் தரை ஊமையாகிவிட்டது. எட்டு அடி அதிகமாக அடித்தேன். கழற்றிப் போட்டுவிட்டு ஆடலாமா என்று ஒரு திங்கட்கிழமைகூட யோசிக்காமல் இருந்ததில்லை. கழற்றவில்லை.

மைதானத்தில் எனக்கு ஒரே ஒரு நாள்தான். அதனால் வேலி தாண்டிப் புறம்போக்கில் ஒரு பாறையைப் பிடித்தேன். அதிலும் வெடிப்பு இருந்தது. தினமும் விடிந்ததும், பிரவுன் வேலைக்கு முன்னால், பழைய பந்துகளை அந்த வெடிப்பில் போட்டு ஒற்றை இரும்பு மட்டையால் எடுத்துப் பழகினேன். தீப்பொறி பறக்கும். மணிக்கட்டு வீங்கிவிடும். ஆடு மேய்க்க வருகிற அக்கா ஒருவர் நாலைந்து நாள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, கல்லு ஒடைக்கணும்னா சம்மட்டி எடுத்தாந்துருக்கலாமில்ல?" என்று கேட்டார். பந்தை எடுக்கிறேன் என்றேன். "குனிஞ்சு கையால எடேன்" என்றார். நியாயமான பேச்சுதான்.

ஒரு நாள் காலை திரும்பிப் பார்த்தால் முனிராஜு நிற்கிறான். ஷூ இரண்டையும் நாடாவால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான். எத்தனை நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"மட்டைய முழுசா எறக்குனா எறங்குமாடா? மூக்க மட்டும் எறக்கு" என்றான்.

மட்டையை நிமிர்த்திப் பிடித்து, இரும்பின் நுனியை மட்டும் வெடிப்புக்குள் விட்டு, முட்டியை மடக்கிக்கொண்டு குத்தினேன். பந்து எழும்பி வெளியே வந்து விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. இன்னொரு பந்தை எடுத்துப் போட்டான், கையால். அதன்பிறகு தினமும் வந்தான்.

மழை முடிந்து இரண்டாவது டெஸ்ட். முனிராஜுதான் பை தூக்கினான், ஷூ போட்டுக்கொண்டு. ஏழாவது மேட்டில் போய் நின்றேன். இத்தனை மாதமாக வெடிப்பிலிருந்து எடுக்கப் பழகியிருக்கிறேன், வரட்டும் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். பந்து பாறைப்பக்கமே போகவில்லை. தாண்டிப் போய் மழைக்கு முளைத்த புல்லில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

கர்னல் கார்டில் கையெழுத்துப் போட்டார். கை கொடுக்கவில்லை, வாழ்த்தவில்லை.

"நாளைக்குக் காலைல ஆறரை" என்றார். "மொத லெசன் எனக்கு."

அம்மாவிடம் சொன்னேன். "அந்த மனுசனுக்கே நீ சொல்லிக்குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார். எனக்கும் அதுதான் புரியவில்லை. முப்பது வருஷமாக ஆடுகிறவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

காலையில் அவர் ஒற்றை இரும்பு மட்டையோடு வந்தார். முதல் குழிப்பக்கம் போகாமல் நேராக ஏழாவதுக்கு நடந்தார். பாறையில் ஏறி, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, குனிந்து வெடிப்புக்குள் வைத்தார். நான் மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்ட வாயைத் திறந்தேன்.

"சொல்லாத" என்றார். "ஒண்ணு அன்னிக்கே அடிச்சாச்சு. இது ரெண்டு."

வீசினார். இரும்பு பாறையில் மோதிச் சத்தம் போட்டது. பந்து அசையவில்லை. "மூணு" என்றார். அதுவும் அப்படியே. நாலு. ஐந்து. ஐந்தாவதில் பந்து வெடிப்புக்குள்ளேயே உருண்டு இன்னும் ஆழத்துக்குப் போனது. அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது. ஒவ்வொன்றையும் எனக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினார். எட்டு முடிந்ததும் மட்டையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டார். போதும் சார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அது இன்னொரு விரல் வேலையாகிவிடும் என்று பேசாமல் நின்றேன். பன்னிரண்டாவதில் பந்து வெளியே வந்தது. பிரவுனுக்குப் போட்டார், பதின்மூன்று. மணலில் தள்ளியது பதினான்கு. குழிக்குள் விழுந்தது பதினைந்து.

குழியிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்து நீட்டினார். கோப்பை ஆட்டத்தின் கடைசி நாள் கார்டு. ஏழாவது கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்தில் நாலு என்று இருந்தது.

"மார்க்கர் நீதான். எழுது" என்றார்.

அவர் பென்சிலை வாங்கி நாலை அடித்தேன். பக்கத்தில் பதினைந்து என்று எழுதினேன். அவர் அதைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பாறையைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வெடிப்புக்கு முன்னால் நின்று, பந்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மட்டையை என்னிடம் கொடுத்தார்.

"இப்ப சொல்லிக்குடு" என்றார்.